வயிற்றின்மேல் வைத்த கை

பிள்ளை உண்டாக வேண்டி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வாரத்தில் ஒருநாள் எங்களைப் போன்ற பெண்களை ஓர் அறையில் உட்காரவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கையை அடிவயிற்றில் வைத்துக் கண்ணை மூட வேண்டும். மூச்சோடு கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "யாரிடமும் எதுவும் கேட்காதீங்க, சும்மா பாருங்க" என்றார் சொல்லிக்கொடுத்த அம்மா.

அதுதான் எனக்குக் கஷ்டம். கண்ணை மூடினாலே மாதாவிடம் எதையாவது கேட்டுத்தான் பழக்கம். ஆனாலும் மெல்லப் பிடிபட்டது. ஊசி, மாத்திரை, ஊர்ப்பேச்சு எதுவும் எட்டாத கொஞ்ச நேரம். பிள்ளை பிறக்கவில்லை. மூச்சைப் பார்ப்பதை மட்டும் இன்றும் விடவில்லை.

அப்போது மாமி, என் கணவரின் அம்மா, வடசேரிச் சந்தைக்கு மீன் விற்கப் போனபிறகு பின்வாசலில் உட்கார்ந்து செய்வேன். பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் சந்தைக்குப் போன் போட்டிருக்கிறாள்.

மாமி அன்று சீக்கிரமே வந்தார், விற்காமல் வைத்த பெரிய விளமீன் தலையோடு. நான் தண்ணீர்க்குடத்தைத் தூக்கப் போனேன்.

"அத அங்க வைய்யி மக்களே. இனி நீ ஒண்ணும் தூக்காண்டாம்."

"ஏன் மாமி?"

"ஏன்னு கேக்கா பாரு!" மாமி வாய்விட்டுச் சிரித்தார்.

வேலிக்கு அப்புறமிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "மைனி பெரிய கள்ளி. வயித்துல கைய வச்சி பிள்ளகிட்ட பேசிட்டு இருக்கியது எனக்குத் தெரியாதா?"

வரும் வழியிலேயே மாமி குருசடிச் சிலுவையின் முன் மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். எங்கள் கடற்கரையில் வேலைநாளில் ஒருத்தி திரி கொளுத்தினால் எதற்கென்று கேட்காமல் யாரும் போகமாட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியும்விட்டார்.

அவர் தேங்காய் துருவ உட்கார்ந்தபோதுதான் சொன்னேன்.

"மாமி, அது ஆஸ்பத்திரியில சொல்லித் தந்தது. மனசுக்கு உள்ளது. வேற ஒண்ணும் இல்ல."

துருவிய கை நின்றது. "மனசுக்கு உள்ளதுக்கு வயித்துலயா கைய வைக்கச் சொன்னாவ?"

"மூச்சு அங்கதான் நல்லாத் தெரியுமாம்."

"அம்மா, நான் பாத்தப்போ..." என்று தொடங்கிய நாத்தனாரை, "ஏட்டி, வாய மூடு" என்று அடக்கினார். மிச்சத் தேங்காயையும் துருவி முடித்துக் குழம்பு வைத்தார். மீன் தலையில் நல்ல பாகத்தை எனக்கே போட்டார்.

"திரி கொளுத்தியாச்சி. இனி இல்லேன்னு ஊர்ல எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

சொல்லவில்லை. கொஞ்சநாள் கழித்து, கரு கலைந்துபோயிற்று என்று சொன்னார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "போனா போட்டு மக்களே, போட்டு" என்று முதுகைத் தடவினாள். மாதாமாதம் பிள்ளை இல்லை என்று ஆனபோதெல்லாம் யாரும் வந்ததில்லை. வந்து கேட்க அதில் என்ன இருக்கிறது? உண்டாகவே இல்லாத பிள்ளைக்காக அன்று வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுதேன். சுவரோரம் நின்றிருந்த மாமியும் அழுதார். அவர் நடிக்கவில்லை.