என் வீட்டு வம்சாவளி

ஆரம்பாக்கத்தில் யாராவது செத்தால், காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டார் என்னிடம்தான் வருவார்கள். பட்டா மாற்றவும் வாரிசு சான்றிதழ் வாங்கவும் வம்சாவளி வேண்டும். யாருக்கு யார் பிறந்தார்கள் என்று மேலிருந்து கீழே கோடு இழுத்துப் பெயர்களை எழுதித் தருவது என் வேலை.

ஆண்கள் வந்தால் அண்ணன் தம்பிகளை மட்டும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "ஏன் நைனா, கூடப் பொறந்த பொம்பளைங்க ஒருத்தரும் இல்லியா?" என்று கேட்ட பிறகுதான் தலையைச் சொறிவார்கள். அதனால் அவர்கள் சொல்வதை நம்பி நான் எழுதுவதே இல்லை. அவர்கள் வீட்டுக்கே போய்ப் பெண்களைக் கேட்டுவிடுவேன்.

போன வருஷம் என் மகன் செத்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும்போது பைக்கில் லாரி மோதிவிட்டது. ஒரே பிள்ளை, கல்யாணமாகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் நான் எழுந்து உலை வைத்தேன். கல் நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அழுகை வரவில்லை, வராததை நான் எங்கே போய்க் கொண்டுவருவது?

அவனுடைய பி.எஃப். எடுக்க வாரிசு சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

"நீ எழுத வாணாம்மே. டவுன்ல யார்கிட்டனா குடுத்து எழுதிக்கினு வரேன்" என்றார் என் கணவர்.

"எவனாவது தப்புத் தப்பா எழுதி வைப்பான். குடுய்யா இங்க" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

மேலே மாமனார் பெயர். அதற்குக் கீழே கணவர் பெயர், பக்கத்தில் என் பெயர். அதற்கும் கீழே மகன் பெயர். முன்னால் 'லேட்' என்று சேர்த்தேன். ஊரில் எத்தனையோ பேருக்குச் சேர்த்ததுதான். பழக்கத்தில் அவன் பெயருக்குக் கீழேயும் ஒரு கோடு இழுத்துவிட்டேன். பேரன் பேத்தி பெயர் வர வேண்டிய இடம்.

கல்யாணமாகாத மகனுக்குச் சட்டப்படி அம்மாதான் வாரிசு. எத்தனையோ அம்மாக்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இழுத்த கோட்டை அடித்துவிடவில்லை. அதற்குக் கீழே வாரிசு என்று போட்டு என் பெயரை எழுதினேன்.

"இன்னாம்மே, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுய்யா. என் புள்ளைக்கு நான்தான் வாரிசு" என்றேன்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் பிழை ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.