வயற்காரரின் இரண்டு மணிக்கூடுகள்

அந்த வருடம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அரசாங்கத்தின் கையில் இல்லாத வன்னிக்குள் பழைய நேரமே இருந்தது. ஒட்டுசுட்டானில் நாங்கள் கூலிக்கு நெல் வெட்டப் போன வயலின் சொந்தக்காரர் நியாயமான மனிதர். இரண்டு நேரத்துக்கும் மரியாதை கொடுத்தார். இடக்கை மணிக்கூட்டில் பழையது, வலக்கையில் புதியது. காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கிவைப்பது வலக்கை; மாலை ஐந்துக்கு எங்களை வீட்டுக்கு விடுவது இடக்கை. சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை, தாராளமாக ஒரு மணித்தியாலம்.

"ஐயா, பன்னிரண்டு ஆகேல்லையோ?" என்று பசி தாங்காமல் பக்கத்தில் வெட்டிய அக்கா கேட்டார்.

அவர் இடக்கையைப் பார்த்தார். "பொறு பிள்ளை, கொஞ்சம் கிடக்கு."

ஒருவழியாகப் பன்னிரண்டானது. வரம்பில் குந்திச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். அவர் வலக்கையைப் பார்த்தார்.

"ஒரு மணியாச்சு, எழும்புங்கோ."