கிழக்கே என்ன இருக்கிறது?

பக்கத்து வீட்டுக்காரர் என்ன கட்டப் போகிறார் என்ற கவலை மட்டும் மனிதர்களுக்கு இல்லாவிட்டால், நகரசபை ஆபீசு வாசலில் உட்கார்ந்து மனு எழுதும் என்னைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பே எரியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எழுபதுகளில், எங்கள் ஊரில் பேச்செல்லாம் தமிழ், காகிதமெல்லாம் மலையாளம். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். உங்களுக்கும் பக்கத்து வீடு என்று ஒன்று இருக்குமே, என் பாடு புரியும்.

வாய் எதற்கு?

ரங்கசாமி என்று ஒருவர் ஆபீசு திறக்கும் முன்பே வந்து நிற்பார். பக்கத்து வீட்டில் கல் இறங்கியிருக்கிறது. மாடி எடுக்கிறார்களா, கக்கூசு கட்டுகிறார்களா என்று பிளானைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மனு. மூன்றாவது மனு எழுதும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. நடுவில் ஒரு வேலிதானே, எட்டிக் கேட்டால் என்ன என்றேன்.

"கேக்கலாமுங்க. ஆனா அவன் எங்கிட்டப் பேசி ஒம்பது வருசமாச்சு. இதுக்குப் போயி நா மொதல்ல வாயத் தொறந்தா, தோத்த மாதிரி ஆயிருமுங்களே."

நாலு எல்லை

சின்னச்சாமி நெல் மில் வைத்திருந்தவர். மகள் கல்யாணத்துக்கு முன் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட அனுமதி வேண்டும். பிளான் தயார், விண்ணப்பத்தில் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. எங்கள் தொழிலில் யாரும் இடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. வந்தவர் சொல்வார், நாங்கள் எழுதுவோம். வடக்கே ரோடு, தெற்கே வாய்க்கால், மேற்கே கோயில் நிலம் என்று வரிசையாகச் சொன்னவர், கிழக்கு வந்ததும் மூக்கைச் சொறிந்தார். காலி இடம் என்று போடட்டுமா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த என் வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

"அப்படியே எழுதிப்போடுங்க. அங்க எருமைதான் போயிட்டு வருது."

மூன்று திசை

பத்து நாள் கழித்து மாராத்தாள் வந்தார். புருஷன் இல்லாதவர், இரண்டு எருமை கறக்கும் பால்தான் பிழைப்பு. சின்னச்சாமி வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிப் போகும் தடத்தின் கோடியில் குடியிருந்தார். அந்தத் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்களாம். அதை அடைத்துவிட்டால் எருமைகள் ரோட்டுக்கு வர வேறு வழியில்லை. என்ன கட்டப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

குமாஸ்தாவிடம் கேட்டு ஃபைலை வாங்கிப் பிரித்தேன். என் கையெழுத்து. கிழக்கே காலி இடம் என்று இருந்தது. வடக்கே ரோடு, தெற்கே வாய்க்கால், மேற்கே கோயில் நிலம் என்று அவருக்குத் தமிழில் படித்துவிட்டு, நேரே அறையின் நீள அகலத்துக்குத் தாவினேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குப் பரிகாரம் போல, எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் கொட்டி அன்றே மாராத்தாள் பேரில் ஓர் ஆட்சேபணை எழுதினேன். குமாஸ்தா அதை வாங்கி, பழைய காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நிங்களோட கையெழுத்தாணல்லோ. இதில் எதாணு சத்தியம்?"

அளவு

நகரசபை ஓவர்சியர் இடத்தை வந்து பார்ப்பதற்குள் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. கல்யாண வீட்டில் கட்டியதை இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மிச்சமிருந்த இடத்தில் ஆள் ஒருக்களித்துப் போகலாம், எருமை போகாது. எருமை நுழையும் அளவுக்கு வழி இருந்தபோதே மாராத்தாள் இரண்டையும் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டார்.

அடுத்த வாரம் விதவைப் பென்சனுக்கு மனு எழுத என்னிடமே வந்தார். எனக்குப் பேனா ஓடவில்லை. காலி இடம் என்று எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் ஆத்திரப்படவில்லை, பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே தெரிஞ்சுதுங்க. மூணு தெசை படிச்சீங்க, கெழக்கப் படிக்கலீங்களே. உங்களையும் உட்டா மலையாளத்துல எழுத எனக்கு வேற ஆருங்க இருக்காங்க? எழுதுங்க."

அன்றிலிருந்து, யார் வந்து எல்லை சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், பார்த்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் சுவர் எழும்பிய பிறகு.