அம்மாவை விடாத சீட் பெல்ட்

எங்கள் பிக்கப் வண்டிக்கு அப்பாவைவிட இரண்டு வயதுதான் குறைவு. மலைமேல் பிரிஞ்சாங் ஊருக்குப் பக்கத்தில் முட்டைக்கோஸ் போட்டிருந்த ஒரு சீனர் அதை ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய் அப்பாவிடம் தள்ளிவிட்டிருந்தார். தேயிலை ஆலையில் வேலை முடிந்து வந்ததும் அப்பா அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களிடம்தான் நான் கேட்பேன்.

அந்த வண்டியில் இருந்ததெல்லாம் பழங்காலத்து இடுப்புப் பட்டைகள்தான். தோளுக்கு ஒன்றும் கிடையாது. பல வருஷமாக யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா திடீரென்று, தோளையும் சேர்த்துப் பிடிக்கிற சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

காரணம் எனக்கும் தெரியும். சிங்கப்பூரில் அவருக்கு லோரி ஓட்டும் வேலை வந்திருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். அவர் போய்விட்டால் பிரிஞ்சாங்கில் அம்மா போடும் காய்கறிக் கடைக்குச் சாமான் ஏற்றுவதும், என்னைப் பள்ளியில் விடுவதும் அம்மாவின் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர்தான் அம்மா. அது அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஓட்டப் பழகிட்டா நீங்க நிம்மதியா கெளம்பிருவீங்க. நான் ஸ்டேரிங்கயே தொட மாட்டேன்" என்றார் அம்மா.

அப்பா கம்போங் ராஜாவில் இருந்த பழைய சாமான் கடைக்குப் போய், நொறுக்கப்போகிற ஒரு வேனிலிருந்து இரண்டு பெல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். புதியது வாங்கக் கட்டுப்படியாகாது. பெல்ட்டை விரலால் நீவி நீவி, எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார். சோப்புத் தண்ணீரில் அலசி, என் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போட்டார். வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் சட்டென்று நின்றுவிட வேண்டும். அந்தச் சோதனையை என்னிடம் விட்டார். கை வலிக்கும்வரை நான் இழுத்தேன். ஆலைப் பட்டறையில் ஒரு கனமான இரும்புத் தகட்டைக் கதவோரத் தூணுக்கு உள்ளே பற்றவைத்து, அதில் பெல்ட்டை முடுக்கினார். போல்ட்டுகள் மட்டும் புத்தம் புதியவை. "உயிரப் பிடிக்கிறது இதுதான் பாப்பா. இதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். "ஒக்காந்துதான் பாரேன், ஓட்டவா சொன்னேன்?" என்று கெஞ்சிய பிறகு அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். 'டக்' என்றது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"சரி, கழட்டு."

அம்மா குனிந்தார். தோள் அசைந்தது. "வரல."

அப்பா கையை நீட்டினார். அம்மா தட்டிவிட்டார். "தொடாதீங்க, கிள்ளுது." நான் ஓடிப்போய்க் கத்திரிக்கோல் கொண்டு வந்தேன். "இவ்வளவு பாடுபட்டு மாட்டினத வெட்டுறதா? வேணாம். வாங்கின கடையிலயே காட்டுவோம்" என்றார் அம்மா.

"கம்போங் ராஜாவரைக்கும் வண்டிய யாரு ஓட்டுறது?"

"நாந்தான் இந்த சீட்ல மாட்டிக்கிட்டேனே!"

அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வீட்டுக்குள் ஓடிய அவர் லைசென்ஸோடு திரும்பி வந்தார். நடுவில் என்னை உட்காரவைத்து, பழைய இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்துச் சரிவில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. அதன்பிறகு ஒழுங்காக ஓடியது. வழியில் இருந்த கியா பார்மில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நெரிசல். ஸ்ட்ராபெரி வாங்க வந்த சுற்றுலாக்காரர்களின் கார்கள் மேட்டில் வரிசைகட்டி நின்றன. எங்களுக்குப் பின்னால் ஒட்டியபடி ஒரு பெரிய பஸ். முன்னால் இருந்த கார் நகர்ந்ததும் அம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. பஸ் அலறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் கை என்னைத் தாண்டிக் கைப்பிரேக்குக்குப் போனது.

"கைய எடுங்க!" அம்மாவின் குரலில் அப்படி ஓர் அதட்டலை நான் அதுவரை கேட்டதில்லை. எஞ்சின் உறுமியது. பிக்கப் ஒரு துள்ளு துள்ளி மேட்டில் ஏறியது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். கம்போங் ராஜா வரும்வரை அதை எடுக்கவில்லை.

பழைய சாமான் கடைக்காரரை எல்லோரும் முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுகிற சீனர் அவர். அப்பா விஷயத்தைச் சொன்னதும் வாயிலிருந்த பல்குச்சியை எடுக்காமலே வந்து, கதவைத் திறந்து, சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். 'டக்.' பெல்ட் சர்ரென்று சுருண்டு மேலே போனது.

"ரோசாக், பழுது ஒண்ணும் இல்ல லா. நல்லாத்தானே இருக்கு" என்றார் தவுக்கே.

அம்மா ஸ்டேரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, திடீரென்று டயர்களைச் சுற்றிச் சுற்றி வந்து சோதிக்க ஆரம்பித்தார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது கண்களும் ஈரமாக இருந்தன.

பெல்ட் கழன்ற பிறகும் அம்மா இறங்கவில்லை. அதை மறுபடியும் இழுத்து மாட்டிக்கொண்டு, "ஏறுங்க, போலாம்" என்றார். பாதி வழியில், ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தபடி, "வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்ட தேடி எடுத்து வைங்க. அப்புறம் கடைசி நேரத்துல என்னைத் தேடச் சொல்லாதீங்க" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மாதம் அப்பா சிங்கப்பூர் போனார். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்தார். அதற்குள் அம்மா அந்த மலைப்பாதைகளை அப்பாவைவிட நன்றாக ஓட்டப் பழகியிருந்தார்.

பெல்ட் கழன்ற அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே நான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய், தவுக்கேயின் கட்டைவிரல் எவ்வளவு பலமானது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவால்கூட முடியாததை ஒரே அழுத்தில் முடித்துவிட்டார் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா வாசலில் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அப்பாவை அந்தப் பொத்தானைத் தொட அம்மா விடவேயில்லை என்பதும், அம்மாவும் அதை ஒரு தடவைகூட அழுத்தியிருக்க மாட்டார் என்பதும் அந்த வயதில் எனக்கு உறைக்கவேயில்லை.