ஐந்தரைக் கட்டை

தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரர்கள் "அப்ப நல்லா பாடுவீங்களே" என்பார்கள். எங்கள் தெருவில் பாட்டு என்றால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் செட்தான். அம்மா நடவுக்குப் போகிறவள், அப்பா கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அவர்கள் மகள் பிளஸ் ஒன்னில் இசையை ஒரு பாடமாக எடுத்தாள் என்றதும் தெருவே வேடிக்கை பார்த்தது. "டான்ஸும் உண்டா?" என்று கேட்டவர்களுக்கு, "உண்டு, மேளம் அடிக்க ஆள் இல்லை, நீங்க வாங்க" என்றேன். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே உண்டு.

நகரத்துப் பெண்கள் பள்ளி அது. வரலாறு, பொருளியலோடு இசையும் எங்களுக்குப் பாடம். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. செய்முறை என்றால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் தனியாக உட்கார்ந்து பாட வேண்டும். அதில் தேறாவிட்டால் பிளஸ் டூவே போச்சு.

இசை அறையில் ஒரு பாய், சில பெஞ்சுகள், மேஜைமேல் மின்சார சுருதிப் பெட்டி. சுருதியைக் கட்டை என்று அளப்பார்கள். கட்டை கூடக் கூடக் குரலும் மேலே ஏற வேண்டும். எங்கள் பள்ளி முன்பு ஏதோ குழுப்பாட்டுப் போட்டியில் ஐந்தரைக் கட்டையில் பாடிக் கோப்பை வாங்கியிருந்தது. அதிலிருந்து இறைவணக்கம், ஆண்டு விழா, வகுப்பு எல்லாமே ஐந்தரைதான். யாரும் பெட்டியின் குமிழைத் திருகிவிடக் கூடாதென்று இசை டீச்சர் அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். காயத்துக்குப் போடுவோமே, அதே பிளாஸ்திரி.

என் குரல் கனமானது. ஐந்தரையில் தொடங்கினால் மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ' வரை தள்ளாடிப் போய்ச் சேருவேன். அதற்கு மேல் போனால் கீச்சென்று உடையும், வகுப்பு சிரிக்கும். டீச்சர் சிரிக்க மாட்டார், அது இன்னும் மோசம். "வயக்காட்டுல கூப்பாடு போட்டு வளந்த தொண்ட இது, சங்கீதத்துக்கு வளையாது. ப்ரேயர்ல நீ வாய மட்டும் அசை, போதும்" என்றார். அசைத்தேன். தினமும் காலையில் பள்ளி முழுவதும் பாட, நான் மட்டும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். அவரும் நல்லவர்தான் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இன்னும் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

இறைவணக்கத்தில் மைக் முன் நிற்பவள் எங்கள் வகுப்புப் பெண்தான். ஐந்தரையில் அவள் பாடினால் டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் கையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும், கூடவே பனங்கற்கண்டும் மிளகும் போட்ட சின்ன டப்பா. பாடுவதற்கு முன்னும் பின்னும் வாயில் கொஞ்சம் போட்டு அடக்கிக்கொள்வாள். பாடகி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துப் பொறாமையில் வெந்தேன்.

பிளஸ் டூ அரையாண்டில் என் குரல் வர்ணம் என்ற பாட்டின் பாதியில் உடைந்து, பிறகு வரவே இல்லை. மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டுமாம். அதனால் நான் டி.சி. வாங்கிக்கொண்டு போய்த் தனித்தேர்வராக, வேறு பாடம் எடுத்து எழுத வேண்டுமாம்.

அப்பாவுக்குத் தெரிந்து டி.சி. என்பது அடிதடிக்குக் கொடுப்பது. "எம் பொண்ணு யார அடிச்சுச்சு டீச்சர்?" என்றார்.

"யாரையும் அடிக்கலீங்க. பாட்டு வரல."

"பாட்டு வரலன்னா டி.சி.யா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் வாங்குறதா இல்லீங்க" என்று எழுந்துவிட்டார். வண்டியில் வெண்ணாற்றுப் பாலம் தாண்டினோம். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஒனக்குப் பாட வருமா வராதா? அத மட்டும் சொல்லு."

"வரும்ப்பா."

"அப்ப பாடு."

சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. அன்று சாயங்காலம் அப்பாவின் போனில் தம்புரா ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். ஐந்தரையில் வைத்துப் பாடினேன், வழக்கம்போல உடைந்தது. கோபத்தில் திரையை இழுத்ததில் சுருதி இறங்கிவிட்டது. போனில் பிளாஸ்திரி இல்லையே. ஐந்து, நாலரை என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தேன். நாலு கட்டையில் குரல் தானாக உட்கார்ந்தது. மேலே போனேன், போய்க்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "நீயா பாடுன? நான் போன்ல யாரோன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாடத் தெரியாதவள் என்று என்னையே நம்பவைத்திருந்தார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். "ஒரே ஒரு தடவ நாலு கட்டையில பாடிக் காட்டட்டுமா டீச்சர்?"

"அது ஆம்பள மாதிரி இருக்கும். பொண்ணுன்னா அஞ்சரையில பாடினாத்தான் அழகு" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? வீட்டில் தினமும் நாலு கட்டையில் பாடினேன். பள்ளியில் வாயை அசைத்தேன்.

செய்முறைத் தேர்வன்று தேர்வாளராக நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பக்கத்தில் எங்கள் டீச்சர். சுருதிப் பெட்டி ஐந்தரையில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. என் முறை வந்தது. பாயில் உட்கார்ந்ததும் பெட்டியை என் பக்கம் இழுத்து, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். நாள்பட்ட பிளாஸ்திரி, லேசில் வரவில்லை.

"என்னம்மா பண்ற?" என்றார் தேர்வாளர்.

"சுருதிய எறக்குறேன் மேடம். என்னோடது நாலு கட்ட."

"அதத் தொடாத. இங்க எல்லாருக்கும் அஞ்சரதான்" என்றார் டீச்சர்.

"பாடப்போறது நான்தானே டீச்சர்."

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எதுலயாவது வச்சுப் பாடும்மா. எனக்கு நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

நான் எதிர்பார்த்திருந்த நியாயம் அதுவல்ல. ஆனாலும் அனுமதி அனுமதிதான். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தேன். குமிழை நாலுக்குத் திருப்பினேன்.

பாடினேன். முதல் ஆவர்த்தனத்தில் தாளம் சற்று ஓடியது, பிடித்துக்கொண்டேன். சரணத்தில் ஒரு ஸ்வரம் தவறியது. மேல் ஷட்ஜத்தையும் தாண்டிய மேல் காந்தாரம் வரும் இடம் நெருங்கியதும், உடையப்போகிறது என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். உடையவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அந்த இடத்தை நான் விடவும் இல்லை. வேண்டுமென்றேதான் அங்கே நின்றேன்.

வெளியே வந்து தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தேன். பிளாஸ்திரி இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த எண் மைக் முன் பாடும் பெண்ணுடையது. பிளாஸ்கையும் டப்பாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் விட்டுவந்த நாலு கட்டை கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. அது மெல்ல ஏறியது. நாலரை. ஐந்து. அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் அரைக் கட்டை ஏறும் என்று காத்திருந்தேன். டீச்சர் ஏதோ அதட்டுவது கேட்டது. சுருதி நகரவில்லை. அவள் பாட ஆரம்பித்தாள், இறைவணக்கத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், அவசரமே இல்லாமல்.

முடித்துவிட்டு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டு வருஷமா தொண்ட வலிடி. யார்ட்டயும் சொல்லல" என்றாள்.

உள்ளே அடுத்தவள் உட்கார்ந்தாள். சுருதி மறுபடியும் நகர்ந்தது.