ஐந்து அடி வைத்துக் காட்டியவள்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகளுக்கென்று ஒரு திட்டம் நடத்தும். அது உருப்படியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எங்களைப் போன்ற ஆட்களை அனுப்புவார்கள். நான் வேலூர்க்காரி. அந்தப் பக்கத்துப் பேச்சு தெரியும் என்பதால் ஆம்பூரைச் சுற்றிய வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

அந்த முறை நான் பார்க்க வேண்டியிருந்தது, கை கால் சரியாக வராத குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் திட்டம். வாரத்தில் இரண்டு நாள் ஒரு டீச்சர் வருவார். காலை நீவிவிடுவார், மடக்கி நீட்டுவார், நிற்கப் பழக்குவார். அவர் போய்வந்த வீடுகளில் ஒன்று, ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நெடுந்தூரம் நடந்து போக வேண்டிய ஊரில் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவர். கம்பெனி ஆள் காலையில் மூட்டையைக் கொண்டுவந்து போடுவான், மறுநாள் வந்து தைத்ததை எடுத்துப் போவான். கணவர் லாரி ஓட்டுகிறவர், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். மகளுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கால்கள் விறைத்துப் போனவள்.

கேள்வி கேட்கும்போது திட்டத்து ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் டீச்சரைத் தெருமுனை டீக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறேன் என்ற கர்வம் எனக்கு அன்று நிறையவே இருந்தது.

நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த அம்மா நல்லபடியாகவே பதில் சொன்னார். டீச்சர் தவறாமல் வருகிறார், பொறுமையாகச் சொல்லித் தருகிறார், குறை ஒன்றும் இல்லை. பிறகு நான் கேட்காமலேயே மகளைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினார். இரட்டைச் சடை, புது ரிப்பன், கஞ்சி போட்டுத் தேய்த்த கவுன். அந்தப் பெண் சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஒரு காலை இழுத்து வைத்தாள். அப்புறம் இன்னொன்று. மேலுதட்டில் வியர்வை பூத்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் அவள் பார்த்தது அம்மாவை அல்ல, என் பேனாவை. ஐந்து அடி வைத்து பீரோவைப் பிடித்துக்கொண்டதும் நானே கை தட்டினேன்.

'பிடித்துக்கொண்டு நடக்கிறாள்' என்று படிவத்தில் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை வாட்டுகிறது.

அறிக்கையில் ஒரு யோசனையும் சொன்னேன். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளை ஆம்பூரில் இருக்கும் மையத்துக்கு வரச் சொன்னால், அந்த நேரத்தில் டீச்சர் இன்னும் மோசமான நிலையில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகலாம். காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் அந்தப் பத்தியைப் பாராட்டினார்கள், எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. அப்படியே நடைமுறைக்கும் வந்தது.

ஒரு வருடம் கழித்து, மாற்றம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அதே வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் பாயில் கிடந்தாள். முழங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டிருந்தன. மையத்துக்கு மூன்று தடவை போனதாக அம்மா சொன்னார். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை முழுக்க நடந்து, ஆட்டோவுக்குக் காத்திருந்து, அங்கே முறைக்குக் காத்திருந்து திரும்பினால் அன்றைய மூட்டை அப்படியே கிடக்கும். இரண்டு தடவை பொறுத்துப் பார்த்த கம்பெனி ஆள் மூன்றாவது தடவை மூட்டையை வேறு வீட்டில் போட்டுவிட்டான். அதோடு போவது நின்றுபோனது. யார் வீட்டிலோ நடந்ததைப் போல, தைப்பதை நிறுத்தாமலே இதையெல்லாம் சொன்னார்.

போன தடவை நன்றாக நடந்தாளே என்று கேட்டேன். அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

"அதுவா மேடம். நீங்க வரப்போறீங்கன்னு டீச்சர் முன்னாடியே சொன்னாங்க. அவங்களுக்கு நல்ல பேர் வரணுமேன்னு பத்து நாளா இவள அந்தச் செவுத்தாண்டயே நிக்க வச்சி பழக்கினேன். அந்த ஒரு நாள்தான் அஞ்சு அடி வச்சா. அப்புறம் ரெண்டு நாள் கால் வலின்னு ஒரே அழுக."

மகளின் கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்.

"அன்னிக்கி இவ நடக்காம இருந்திருந்தா, டீச்சர் வந்துகினே இருந்திருப்பாங்க இல்ல மேடம்?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். தினமும் நடக்கிறாளா, இன்றைக்கு மட்டும்தானா என்ற ஒரே ஒரு கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. இத்தனை வருடம் கேள்வி கேட்டே சம்பாதித்தவள் நான்.

வேலூர் திரும்பியதும், டீச்சரை மறுபடி அந்த வீட்டுக்கே அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்த டீச்சரை வேறு வட்டாரத்துக்கு மாற்றியாகிவிட்டது, அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது தடவை போன அன்று, அந்த வீட்டிலிருந்து கிளம்பும் முன் நடந்ததை மட்டும் அந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. படிவத்தை நிரப்பப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பாயில் சரசரவென்று சத்தம் கேட்டது. அந்தப் பெண் குப்புறப் புரண்டு, முழங்கைகளை ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டே போய், அதே சுவரில் கையை வைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் கண்ணு என்று சொல்லிப் பேனாவை மூடிப் பையில் போட்டேன். அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் எழுதுவதற்காகக் காத்திருந்தாள்.