கல்வெட்டுக்குப் பிளாஸ்திரி

போன ஆவணி மாதம், திருச்சி புத்தூரில் நடந்தது. முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முன்னாள் ராணுவத்தினருக்காக நடக்கும் எங்கள் சின்ன மருத்துவ மையத்துக்கு ஒருவருடைய பெயரை வைப்பது என்று சங்கத்தில் முடிவானது.
2. கல்வெட்டு அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.
3. கொடுத்த வாசகத்தில் நானாக ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன்.
4. அந்த வார்த்தையை முதலில் கவனித்தவர், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

நான் அங்கே இசிஜி, எக்ஸ்ரே மாதிரி கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினீயர். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெயருக்கு உரியவரை நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. ராணுவத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் பணியில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்த பிறகும், நடக்க முடியாத பழைய சிப்பாய்களின் வீடுகளுக்கு சைக்கிளில் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவர்.

அழைப்பிதழ் அனுப்புவதற்காகச் சங்கச் செயலாளருக்கு போன் செய்தேன். அவர் காந்தி மார்க்கெட் இரைச்சலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஹவில்தார் சார் கைலாசபுரத்துல மகன் வீட்லதானே இருக்கார்?"

"அங்க இல்லம்மா. பெருமாள்கிட்டயே போய்ச் சேர்ந்துட்டாரு. ரெண்டு மாசமாச்சு."

"ஐயோ! எப்படி சார்?"

"மகன் அழுது பார்த்தான், கேக்கலையே மனுஷன்! இப்ப நிம்மதியா இருக்காரு."

"அவங்க வீட்டம்மா?"

"அவங்களுக்குத்தாம்மா ரொம்ப சந்தோஷம்."

எனக்கு லேசாக இடித்தது. ஆனாலும், ராணுவ வீரரின் மனைவி, மனம் பக்குவப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். "அழைப்பிதழை நானே நேர்ல குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மரியாதைக் குறைவாக இருக்கக் கூடாதே என்று, பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்தேன். மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செயலாளரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. வெள்ளைப் பளிங்கில் கறுப்பு எழுத்து, சுவரில் பதித்து மேலே திரையும் போட்டாயிற்று.

விழா பத்தரைக்கு. ஒன்பது மணிக்கு, பதக்கங்கள் குத்திய கோட்டுடன் ஒரு பெரியவர் தனியாக வந்தார். நேராகப் போய்த் திரையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயா, அதைத் தொடாதீங்க. நீங்க யாருங்க?"

"இதுல இருக்கறவன்" என்றார். இன்னொரு முறை படித்தார். "நான் எப்பம்மா போனேன்?"

அதற்குள் செயலாளர் வந்து படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஸ்ரீரங்கத்துக்குக் குடி போயிட்டாருன்னு சொன்னேம்மா!"

"பெருமாள்கிட்ட போய்ச் சேர்ந்துட்டாருன்னுதான் சார் சொன்னீங்க."

"கோயில் பக்கத்துல வீடு பார்த்துப் போனா வேற எப்படிச் சொல்றது?"

"நீங்க கட்டைவிரல் வேற போட்டீங்க!"

"அது டிசைன் நல்லாருக்குன்னு போட்டதும்மா!"

பெரியவர் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "வீட்டுக்காரம்மா பத்து மணிக்கு ஆட்டோல வந்துடுவா. போன வருஷம் எனக்கு பைபாஸ் பண்ணினதுலேருந்து, தும்மினாலே பயப்படறா. இதைப் பார்த்தா தாங்க மாட்டா."

நான் நோட்டை எடுத்து வழிகளை எழுத ஆரம்பித்தேன். உளியால் செதுக்கினால் கல் விரிசல் விடும். பெயின்ட் காயாது. காகிதம் ஒட்டினால் காற்றில் தூக்கும்.

"லிஸ்ட் போட்டது போதும்மா. கொஞ்சம் ஸ்பிரிட், பஞ்சு, கத்தரிக்கோல், அகலப் பிளாஸ்திரி கொண்டா" என்றார்.

கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். 'அமரர்' மேல் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, உலரும் வரை காத்திருந்தார். வெள்ளைப் பிளாஸ்திரியை அளந்து வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் இரண்டு அடுக்கு ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவினார். எண்பது வயதுக் கை, துளி நடுங்கவில்லை.

பத்தரைக்குத் திரை விலகியது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"ஏங்க, உங்க பேருக்கு முன்னாடி பிளாஸ்திரி போட்டிருக்கே, என்னது?"

"ஏதோ பட்டம் குடுத்தாங்க. இப்போதைக்கு வேணாம்னுட்டேன்."

"அதானே! உங்களுக்கு எதுக்குங்க பட்டம்?" என்று சொல்லி, பெருமையோடு பெயரை முழுதும் தடவிப் பார்த்தார். செயலாளர் திடீரென்று கேசரி எடுக்க உள்ளே ஓடினார்.

மறுநாள் ஹவில்தாருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். வேறு கல் வைத்துவிடுகிறோம் என்றும் சொன்னேன். "கல்லை மாத்தாதீங்க. என்னிக்காவது எப்படியும் வேணும், அப்ப உரிச்சுக்கலாம்" என்றார். உடனே அவரே பேச்சை மாற்றி, விழாவன்று பழுதாகிக் கிடந்த இசிஜி மெஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

இன்றைய நிலவரம்: கல் அதேதான், அவரும் சௌக்கியமாக மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார். பிளாஸ்திரி மாற்றும் வேலை இப்போது என்னுடையது. ஒவ்வொரு முறை ஓரத்தை நீவும்போதும், இதை உரிக்கச் சொல்லும் நாள் ரொம்பத் தள்ளி வரட்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.